லிஸ்பனுக்கு இரண்டு பேர்

லிஸ்பன் நகரத்தில் உட்காருவதற்கு நல்ல பெஞ்சுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். ஆற்றங்கரைச் சதுக்கத்தைத் தாண்டியதும் மரநிழலில் சில உண்டு. டிராம் திரும்பும் முனையில் ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் முதுகு சாயப் பலகை கிடையாது. ஒரு சிறு பூங்காவின் வாசலில் இன்னொன்று. அதற்கு எதிரிலேயே பொதுக் கழிப்பறை. அந்த ஊருக்கு நான் போனதில்லை. என் மனைவியும் போனதில்லை. அவள் போகாததற்குக் காரணம் நான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மலாக்காவில், செங் பக்கத்துத் தொடர்வீடுகளில் ஒன்றில். நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். தமிழிலிருந்து மலாய்க்கும், மலாயிலிருந்து தமிழுக்கும், தேவைப்பட்டால் ஆங்கிலத்துக்கும் அடுத்தவர் பேச்சைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது என் வேலை. என் மனைவி இந்தச் செங்கிலேயே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். நின்றுகொண்டே செய்கிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு எங்கே போனாலும் அவள் கண் முதலில் தேடுவது உட்கார இடம் இருக்கிறதா என்பதைத்தான். கல்யாண மண்டபமானாலும் சரி, பேங்கானாலும் சரி, “நாற்காலி எங்க இருக்கு பாருங்க” என்பாள்.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அவளுக்கு நெடுநாளாக இருந்தன. போன ஆண்டின் பிற்பாதியில் சிறுநீரகம் அநேகமாகப் போய்விட்டது என்றார்கள். சிறுநீரக மருத்துவர் ஒரு மலாய்க்காரப் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். ரிப்போர்ட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு, டயாலிசிஸ் தொடங்க வேண்டிவரும், இன்னும் சில மாதங்கள் ஓடலாம், ஓடாமலும் போகலாம் என்றார். என் மனைவியைப் பார்த்து மலாயில், “ஆண்ட்டி, எங்கேயாவது ஜாலான்-ஜாலான் போக ஆசை இருந்தா இப்பவே போயிட்டு வந்துடுங்க. அப்புறம் கஷ்டம்” என்றார். ஊர் சுற்றுவதற்கு மலாயில் அப்படித்தான் சொல்வோம். எத்தனையோ தீர்ப்புகளை நான் மொழிபெயர்த்திருக்கிறேன். இதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. அவளுக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும்.

காரில் ஏறியதும், “எங்க போகலாம்?” என்று கேட்டேன். இந்தியா என்று சொல்வாள் என நினைத்தேன்.

“லிஸ்பன்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அங்க என்ன?”

“சின்னப் பிள்ளையில இருந்து நம்ம ஊர்ல போர்ச்சுகீசியன் கட்டுன அந்த உடைஞ்ச கோட்டை வாசலத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க. கல்யாணமான புதுசுல நீங்க கூட்டிட்டுப் போனீங்க. இந்தியாவுல இருந்து யாரு வந்தாலும் அங்கதான் கொண்டு போய் நிறுத்தறோம். அதக் கட்டுனவன் ஊர்ல உடையாம இருக்குமில்ல? அத ஒரு தடவ பார்க்கணும்.”

இத்தனை வருடம் கூட வாழ்ந்தவன் நான். இப்படி ஓர் ஆசை அவளுக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

எங்கள் ஒரே மகள் இங்கிலாந்தில், மான்செஸ்டரில், கணக்காய்வாளராக இருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் வீடியோ அழைப்பிலேயே கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டாள். தீபாவளி முடிந்த கையோடு நாங்கள் இருவரும் அவள் வீட்டுக்குப் போய்ச் சில வாரம் தங்குவது, அங்கிருந்து மூவருமாக ஒரு வாரக்கடைசியில் லிஸ்பன் போய் மூன்று இரவு இருந்துவிட்டுத் திரும்புவது என்று முடிவாயிற்று.

“இங்க எல்லாரும் அப்படித்தான்பா போவாங்க. வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சதும் பிளேன் ஏறுவாங்க, திங்கக்கிழமை வந்துடுவாங்க. ஒரே ஊரு. ஒரு நாளைக்கு ரெண்டு இடம், அவ்வளவுதான். மீதி நேரம் உக்காந்து காப்பி குடிக்கணும்.”

“காப்பி குடிக்கவா அவ்வளவு தூரம் போறது?”

“ஆமாப்பா. அதுதான் ஹாலிடே.”

“அவ சொல்றதுதான் சரி” என்றாள் என் மனைவி. “எனக்கு உக்கார்ற ஊருதான் வேணும்.”

எனக்கு அது விளங்கவில்லை. அவ்வளவு தூரம் போய் ஒரே ஊரா என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. அதை அப்போது நான் வெளியே சொல்லவில்லை.

அதன் பிறகு வந்த சில வாரங்கள் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல வாரங்கள் என்று இப்போது படுகிறது. மாலையில் விளக்கேற்றி முடித்ததும் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்து வைத்துக்கொள்வோம். தெருக்களைப் படமாகக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. அம்புக்குறியைத் தட்டத் தட்ட நாமே நடந்து போவதுபோல் தெரு முன்னால் நகரும். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தோளோடு ஒட்டி உட்காருவாள்.

“நில்லுங்க, நில்லுங்க. அது என்ன, படியா?”

“சரிவு.”

“என்னால ஏற முடியாது. பின்னால வாங்க. வேற ரோடு பாருங்க.”

லிஸ்பன் முழுக்க மேடு. ஏறினால் இறங்க வேண்டும், இறங்கினால் ஏற வேண்டும். அதிலும் நடைபாதையெல்லாம் வழவழவென்ற சிறு கற்கள். ஆற்றை ஒட்டிய பகுதி மட்டும் சமதரை. அந்தச் சமதரைக்குள்ளேயே ஒரு விடுதியைக் கண்டுபிடித்தோம். அங்கெல்லாம் பழைய கட்டடங்களில் லிப்ட் இருக்கிறது என்று போட்டிருப்பார்கள், ஆனால் லிப்டுக்குப் போகவே படி ஏற வேண்டியிருக்கும் என்று மகள் எச்சரித்திருந்தாள். நான் மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன். வாசலில் ஐந்து படி உண்டு, கைப்பிடியும் உண்டு என்று மரியாதையாகப் பதில் வந்தது. “அஞ்சுதானே, ஏறிடுவேன்” என்றாள். நீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிடுவதால் அடிக்கடி கழிப்பறை போக வேண்டிவரும். அதனால் பெஞ்சும் கழிப்பறையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வழியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். ஆற்றோரமாகவே டிராமில் போனால் கடலுக்குப் பக்கத்தில் ஒரு கோபுரம் நிற்கிறது. அதே காலத்துக் கல்வேலை, உடையாதது. திரையில் அது வந்தபோது அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவள் நோயை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று தடுத்தவன் நான்தான். மகளுக்கு அப்போது ஒரு சம்பந்தம் பேச்சு வந்திருந்தது. தாய்க்குக் கிட்னி போய்விட்டது என்று தெரிந்தால், பரம்பரை வியாதியாமே என்று நம்மவர்கள் பேசுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் நழுவிவிடுவார்கள்.

“தெரிஞ்சா தெரியட்டுமே” என்றாள் அவள். “நாளைக்குக் கையில ஊசியோட கெடக்கறப்ப எப்படி மறைப்பீங்க?”

“அது வரைக்கும் யாருக்கும் வேண்டாம்.”

அந்தச் சம்பந்தத்தில் மகளுக்கு விருப்பமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அது வேறு காரணத்தால் தானாகவே நின்றும் போயிற்று.

என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, மஸ்ஜித் தானாவில் இருக்கிறான். வேன்கள் வைத்துச் செங்குக்கும் சுங்கை ஊடாங்குக்கும் தொழிலாளர்களை ஏற்றி இறக்குகிறான். நல்லவன், சத்தமாகப் பேசுபவன், எதையும் நாலு பேரோடு சேர்ந்துதான் செய்வான். அவன் மனைவி கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். தீபாவளிக்கு முன்னால் அவள் உறவில் ஒரு நிச்சயதார்த்தம். சாப்பாட்டு மேசையில் யாரோ பாலித்தீவுக்குப் போய்வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். “நாங்களும் போறோம், லிஸ்பனுக்கு” என்றேன். பெருமைதான். வேறொன்றுமில்லை.

மச்சினன் கோழிக்காலைத் தட்டில் வைத்தான்.

“மச்சான், ஐரோப்பாவா? ரெண்டு பேரு மட்டுமா?”

“மகளப் பார்க்கப் போற சாக்குல…”

“அடேங்கப்பா! எங்களையெல்லாம் கழட்டி விட்டுட்டு ஹனிமூனா? அக்கா, நீ ஒரு வார்த்த சொல்லலியே!”

எல்லாரும் சிரித்தார்கள். அவன் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “அண்ணே, ரோமுக்குப் போகணும்னு நான் எத்தன வருஷமா வேண்டிக்கிட்டு இருக்கேன் தெரியுமா? கூட்டிட்டுப் போக ஆளு இல்லாமத்தானே கெடக்கேன். உங்களுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. எங்களையும் சேர்த்துக்கிட்டா என்ன கொறஞ்சிடும்?”

வெளியாருக்கு இதில் என்ன சங்கடம் என்று தோன்றலாம். நாங்கள் எல்லாரும் ரப்பர்த் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் வரிசைவீடுகளில், பிறந்தவர்கள். தோட்டத்தில் யாரும் எங்கேயும் தனியாகப் போனது கிடையாது. ஒரு வீட்டார் பத்துமலை முருகன் கோயிலுக்கு வேன் பேசினால், வேனில் மீந்த இடம் அக்கம்பக்கத்தாருக்கு உரியது. சொல்லாமல் போய் வந்த குடும்பத்தை அடுத்த பிள்ளை கல்யாணம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். தோட்டத்தை விற்று வீடமைப்புகள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. பஸ் பிடித்துக் கூட்டமாகப் போவதற்கு ரொம்போங்கான் என்ற மலாய்ச் சொல்லைத்தான் இன்னும் சொல்கிறோம். அதைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்கு முகம் மலர்ந்துவிடும்.

“ஒரு ரொம்போங்கான் போட்டுடுவோம் லா!” என்றான் மச்சினன். “ஆனா இப்ப முடியாது மச்சான், வேன் ஓடணும். நாலஞ்சு மாசத்துல நோன்புப் பெருநாள், ஹரி ராயாவுக்கு பேக்டரி எல்லாம் மூடுவான். அப்பப் போவோம். என்ன அவசரம்?”

என் மனைவி எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். என்ன அவசரம் என்பது அந்த மேசையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவள் காத்திருந்தாள். அவளாகச் சொல்லியிருக்கலாம், சொல்லக்கூடாது என்று நான் வாங்கியிருந்த வாக்கைக் காப்பாற்றினாள்.

“அவசரம் ஒண்ணுமில்ல” என்றேன். “வாங்க, எல்லாரும் சேர்ந்தே போவோம்.”

திரும்பும் வழியில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு நெருங்கியபோது, “ஹரி ராயாவுக்கு நான் எப்படி இருப்பேனோ” என்றாள்.

“டாக்டர் தோராயமாத்தானே சொன்னாங்க. மருந்த ஒழுங்கா சாப்பிட்டா தள்ளிப் போகும்.”

மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. அடுத்தவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிப் பிழைத்தவன், வீட்டில் அதைச் செய்யவில்லை.

மறுநாளே வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கிவிட்டார்கள். சில நாளில் பதினான்கு பேர் சேர்ந்தார்கள். மச்சினன் குடும்பம், அவன் மனைவியின் அக்கா குடும்பம், எங்கள் பக்கத்து வீட்டம்மா, அவர் தங்கை, சுங்கை ஊடாங்கில் வேலை பார்க்கும் இரண்டு பேர் தங்கள் மனைவிமாரோடு. விடிந்தால் குரல்செய்திகள்தான். “சுவிஸ்ல பனி இருக்குமா அண்ணே?” “பாரிஸ்ல நம்ம சாப்பாடு கெடைக்குமா, இல்ல ரைஸ் குக்கர் தூக்கிட்டு வரணுமா?” “ரைஸ் குக்கர் நான் எடுத்துக்கறேன், சம்பால் நீங்க எடுத்துக்குங்க.” ஒரு பயண நிறுவனத்தில் முன்பணமும் கட்டியாயிற்று. ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், பனிமலை, வெனிஸ், ரோம். ஒரு ஊரில் ஒரு ராத்திரி, அதிகம் போனால் இரண்டு.

லிஸ்பன்? அதற்காக நான் ஒரு முறை வாய் திறந்தேன்.

“போர்ச்சுகலா? அங்க என்ன மச்சான் இருக்கு? நம்ம பண்டா ஹிலிர்ல கோட்டை வாசலா இருக்கறதுதானே” என்று மச்சினன் குரல் அனுப்பினான். அதன் கீழே பதினோரு சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன.

என் மனைவி அதைக் கேட்டுவிட்டு, “விடுங்க. பாரிஸ்லயும் உக்கார எடம் இருக்கும்” என்றாள்.

மகள் விடவில்லை. “அப்பா, நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே வந்துட்டுப் போங்க. அவங்க கூட அப்புறம் போங்க. டிக்கெட் நான் போடறேன்.” அதையும் செய்திருக்கலாம். ஊருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள், எங்களை ஹரி ராயாவரை காக்க வைத்துவிட்டு இவர்கள் மட்டும் முன்னால் ஓடிவிட்டார்களே என்று பேசமாட்டார்களா என்றேன். “யாருப்பா அந்த ஊரு?” என்று கேட்டாள்.

இன்னொன்றும் உண்மை. எனக்கு அது பிடித்துப்போயிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை. இப்போது பதினான்கு பேர் ஓயாமல் கேட்டார்கள். “லீடர்” என்று கூப்பிட்டார்கள். மாலை வேளைகளில் அதே சாப்பாட்டு மேசையில் நான் ரயில் நேரங்களையும் மலைமேல் போகும் கம்பிவண்டியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார ஆரம்பித்ததை நான் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் எழுந்து போகவில்லை.

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் அவளுக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. கால் இரண்டும் வீங்கிவிட்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள். வாரம் மூன்று முறை, இனி எப்போதும். மகள் விமானம் பிடித்து வந்து, லீவு தீரும் வரை தாயோடு இருந்துவிட்டுப் போனாள். என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.

இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எல்லாரும் பார்க்க வந்தார்கள். சீனப் புத்தாண்டு நேரம், ஆளாளுக்கு ஆரஞ்சுப் பெட்டியோடு வந்தார்கள். சிறுநீரகம் போனவர்கள் ஆரஞ்சு சாப்பிடக்கூடாது. அவள் எல்லாவற்றையும் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள். மச்சினன் கட்டில் பக்கத்தில் வந்து நின்றான். அவ்வளவு சத்தமான ஆள், மெதுவாகக் கேட்டான்.

“எப்ப இருந்து தெரியும் மச்சான்?”

சொன்னேன்.

“அந்த நிச்சயதார்த்தச் சாப்பாட்டப்பவே தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் மச்சான் சொல்லல? சொல்லியிருந்தா நானே வேன்ல ஏத்திக் கொண்டு போய் ஏர்போர்ட்ல விட்டிருப்பேனே! நான் என்ன பேயா? அக்காவ விட எனக்கு சுவிஸ் பெருசா?”

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் வெளியே போய்விட்டான். அவன் மேல் பழி போட எனக்கு அதுவரை ஒரு வழி இருந்தது. அதுவும் போயிற்று.

பயணத்தை ரத்து செய்துவிடலாம் என்று மச்சினனே சொன்னான். மற்றவர்களும் வாயளவில் சொன்னார்கள். ஆனால் டிக்கெட் எடுத்தாயிற்று. கட்டியதில் பெரும்பங்கு திரும்பி வராது. வயதானவர்கள் பாதிப்பேர் நான் வருவதை நம்பித்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். என் மனைவி என்னைக் கூப்பிட்டு, “நீங்க போங்க” என்றாள். “அவங்க பாவம். உங்கள நம்பித்தானே கெளம்பியிருக்காங்க. நான் டாக்சி புடிச்சு டயாலிசிஸ் போய்க்கறேன்.”

மாட்டேன் என்றேன். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் மாட்டேன் என்றேன், முன்பைவிடச் சன்னமாக. மூன்றாம் தடவை அவள் சொன்னபோது நான் பேசாமல் இருந்தேன். கொடுத்த வாக்குக்காகப் போனேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். இங்கே அப்படி எழுத மனம் வரவில்லை. எனக்குப் போக ஆசையாக இருந்தது. அதுதான் காரணம்.

மகளை அழைத்துச் சொன்னேன்.

“நீங்க போறீங்களா?”

“அம்மாதான் போகச் சொன்னா…”

“அம்மா சொல்லுவாங்கப்பா. நீங்க போறீங்களான்னு கேட்டேன்.”

“போறேன்.”

“சரிப்பா” என்று வைத்துவிட்டாள்.

பயணத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. ஏறினோம், இறங்கினோம், படம் எடுத்தோம். ஆம்ஸ்டர்டாம் விடுதி அறையில் ரைஸ் குக்கர் ஆவிக்குப் புகைமணி அலறி எல்லாரையும் தெருவில் நிற்க வைத்தது. மச்சினன் இரவு உடையோடு குளிரில் குக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். சோறு வெந்துகொண்டிருந்ததாம், விட்டுவர மனமில்லையாம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இதை மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் திரும்பினேன்.

பாரிஸில் ஆற்றோரமாக எங்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தார்கள். அங்கே காலை, மலாக்காவில் மாலை. அவள் டயாலிசிஸில் இருக்கும் நேரம். வீடியோவில் அழைத்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கழுத்துக் குழாயை ஒரு துணியால் மூடியிருந்தாள், எனக்காகத்தான் இருக்க வேண்டும்.

“காட்டுங்க” என்றாள். போனைத் திருப்பி ஆற்றைக் காட்டினேன், பாலத்தைக் காட்டினேன், படகைக் காட்டினேன்.

“நீங்க உக்காந்திருக்கீங்களா, நிக்கறீங்களா?”

“பெஞ்ச் ஒண்ணு இருக்கு. உக்காந்திருக்கேன்.”

“சாஞ்சுக்க முடியுதா?”

“முடியுது.”

மச்சினன் என் தோளுக்கு மேலே முகத்தை நீட்டினான். “அக்கா, குளிரு சாகடிக்குது லா! நீ வராததே நல்லது!” சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். அவள் சிரித்தாள். உண்மையாகவே சிரித்தாள். அவள் பக்கத்து இயந்திரம் கீச்சிட, தாதி வந்து குறுக்கே நின்றார். திரையில் வெள்ளை உடுப்பு மட்டும் தெரிந்தது. பிறகு தொடர்பு அறுந்தது. எங்கள் வழிகாட்டி சிறு கொடியைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் நான்தான் கடைசியாக ஏறினேன்.

ஊர் திரும்பிய பிறகு நான் மறுபடியும் திட்டம் போட்டேன். அயலூர்க்காரர்களுக்கும் டயாலிசிஸ் செய்யும் மையங்கள் லிஸ்பனில் இருக்கின்றன. ஓர் இடத்துக்கு எழுதினேன். இன்னின்ன பரிசோதனை முடிவுகள் வேண்டும், இத்தனை வாரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று அன்பாகவே பதில் வந்தது. எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். மனைவியிடம் சொல்லவில்லை, சரி என்று சொன்ன பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். அந்த இளம் மருத்துவர் தாள்களைப் பொறுமையாகப் படித்தார். பிறகு இருதய ஸ்கேனைத் திரையில் போட்டுக் காட்டினார். நீர் கோத்துக் கோத்து இருதயம் பெருத்துவிட்டதாம். நீண்ட விமானப் பயணம் தாங்காது.

“எப்பத் தாங்கும்?” என்று கேட்டேன்.

“அங்கிள்” என்றார் அவர். பிறகு தாள்களை அடுக்கி என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அன்றைக்கே அதை மனைவியிடம் சொன்னேன். இனி எதையும் மறைப்பதில்லை என்று எனக்குள் தீர்மானம் செய்திருந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்குக் கீரையும் அளவோடுதான். இரண்டு தண்ணீரில் வேகவைத்து வடித்துச் சாப்பிட வேண்டும். “எதுக்கு அந்தப் பிள்ளையப் போட்டு இதெல்லாம் கேக்கறீங்க?” என்றாள். “அது சொல்ல முடியாமக் கஷ்டப்பட்டிருக்கும்.” அவ்வளவுதான். என்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை.

போன வாரம் அவளை அழைத்துவரப் போயிருந்தேன். இப்போது கழுத்துக் குழாய் போய்க் கையில் ஊசி. ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். நான் பக்கத்தில் அவள் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த நாற்காலியில் ஒருவர், முன்பு லோரி ஓட்டியவர், அங்கே எல்லாரையும் வம்புக்கு இழுப்பார்.

“என்னக்கா, உங்க வீட்டுக்காரரு உங்கள இங்க மாட்டி விட்டுட்டு ஐரோப்பா சுத்திட்டு வந்தாராமே? எம் மருமக போன்ல படம் காட்டுச்சு. ஐயா தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு ஜம்முனு நிக்கறாரு!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“நான்தான் போகச் சொன்னேன்” என்றாள் அவள். “கூட்டத்த நடத்திக் கூட்டிட்டுப் போக இவர விட்டா ஆளு ஏது? எனக்கு அந்தக் குளிரெல்லாம் ஒத்துக்காதுப்பா. ஊரு சுத்தற ஆசையே எனக்குக் கெடையாது. அந்தக் காலத்துல இருந்தே அப்படித்தான். இவரக் கேட்டுப் பாருங்க.”

அவர் என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

“ஆமா” என்றேன். “அவளுக்கு அதுல ஆசை கெடையாது.”

“குடுத்து வச்சவரு லா நீங்க” என்றார் அவர்.

காரில் ஏற்றி, இருக்கை வாரைப் போட்டுவிட்டு, கொஞ்ச தூரம் வந்த பிறகு கேட்டேன்.

“ஏன் அப்படிச் சொன்னே?”

அவள் பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தாள். ரத்தம் நின்றுவிட்டதா என்று விரலைத் தூக்கிப் பார்த்தாள். நிற்கவில்லை போலிருக்கிறது, மறுபடியும் அழுத்திக்கொண்டாள்.

“வேற என்னத்தச் சொல்லட்டும்?”

நான் யோசித்துப் பார்த்தேன். செங் சாலையில் வேலை விட்ட நேரத்து நெரிசல். முன்னால் தொழிற்சாலை பஸ்கள் நகராமல் நின்றன. யோசிக்க நிறைய நேரம் இருந்தது. வீடு வந்து சேரும் வரைக்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.